மருத்துவ மாணவர்களின் கண்ணைக் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 வந்தால் மருத்துவ, செவிலியர் கல்லூரிகள் பலவற்றில் ஒரு நிகழ்ச்சி நடக்கும். மாணவர்களின் கண்ணைத் துணியால் கட்டி வராந்தாவில் நடக்கவிடுவார்கள். சிலரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துச் சாய்தளம் ஏறச் சொல்வார்கள். இன்னும் சிலர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாடம் கேட்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துக் கட்டை அவிழ்த்ததும் "ஐயோ, எவ்வளவு கஷ்டம்!" என்று கண்கலங்கிச் சொல்வார்கள்.

நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனாலும் இந்தப் பயிற்சி நோயாளிக்குக் கெடுதலாக முடிகிறது என்பது, சிமுலேஷன் முறையில், அதாவது நிஜச் சிகிச்சையைப் போலவே அமைத்த பாவனைக் காட்சிகளில், மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி தரும் எங்கள் உறுதியான கருத்து. கண்ணைக் கட்டிய முதல் அரை மணியில் ஒருவர் அறிவது தடுமாற்றத்தை மட்டுமே. பார்வையற்றவராகப் பல்லாண்டு வாழ்ந்தவரின் கைத்திறன், காதுக்கூர்மை, பேருந்து பிடிக்கும் லாகவம் எதுவும் அந்த அரை மணிக்குள் வராது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஏரியல் சில்வர்மன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவரும் பார்வையற்றவர்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலைக்குப் போக முடியும், தனியாக வாழ முடியும் என்பதில் மற்றவர்களைவிடக் குறைவான நம்பிக்கையே வைத்தார்கள். அப்படி நம்பிக்கை குறைந்த மாணவர் நாளை மருத்துவரானால், நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடம் பேசுவார். "இவங்களுக்கு எதுக்கு இந்த ஆபரேஷன்?" என்று தானே முடிவெடுப்பார்.

சிமுலேஷன் என்பதன் மூலக் கருத்தே வேறு. 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயில்லாத ஒருவருக்கு ஒரு நோயாளியின் வரலாறு, அறிகுறி, பேச்சு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்து மாணவர் முன் உட்காரவைத்தார். அதில்தான் 'மாதிரி நோயாளி' என்ற முறை பிறந்தது. மாணவர் மாணவராகவே இருப்பார். எதிரில் இருப்பவர்தான் நோயாளி. மாணவர் தவறு செய்யலாம், யாருக்கும் ஆபத்தில்லை. அந்தத் தவறைப் பற்றி அன்றே உட்கார்ந்து பேசலாம். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் இதையே, மாணவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று செய்துகாட்டும் பல நிலையங்கள் கொண்ட தேர்வாக விரித்தார். இன்று நம் மாணவர்கள் 'ஆஸ்கி' என்று சொல்லிப் பயப்படும் தேர்வு அதுதான்.

இந்தியாவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஸ்கில் லேப் எனும் செய்முறைப் பயிற்சி அறை கட்டாயம். நெஞ்சழுத்தம் (நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்துவது), மூச்சுக்குழாய், பிரசவம் எல்லாவற்றுக்கும் அங்கே மேனிக்கின் பொம்மை இருக்கிறது. ஆனால் சைகையில் பேசுபவரோ, சக்கர நாற்காலியில் வருபவரோ, திருநங்கையோ, தமிழ் தெரியாத கட்டடத் தொழிலாளியோ அந்த அறைக்குள் வருவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இவர்கள் ஓ.பி. வரிசையில் நாள்தோறும் நிற்பவர்கள். பயிற்சி அறையில்தான் இல்லை.

சட்டம் இதைக் கேட்டு நாளாகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 47ஆவது பிரிவு, மருத்துவர், செவிலியர் படிப்புகளில் மாற்றுத்திறன் பற்றிய பாடத்தைச் சேர்க்கச் சொல்கிறது. திருநர் சட்டம் 2019இன் 15ஆவது பிரிவு மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் நடந்த வழக்கைத் தொடர்ந்து, பாலினச் சிறுபான்மையினரை இழிவுபடுத்தும் பகுதிகளைத் தவிர்க்குமாறு தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது. அப்படியிருந்தும் 2024 ஆகஸ்ட் 31இல் ஆணையமே வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில் பழைய இழிசொற்கள் திரும்பி வந்தன. எதிர்ப்பு எழுந்ததால் செப்டம்பர் 5இல் அதைத் திரும்பப் பெற்று, ஒரு வாரத்தில் திருத்தி வெளியிட்டார்கள். புத்தகத்தில் வரியைத் திருத்துவதற்கே இவ்வளவு பாடு என்றால், மாணவரின் வாயில் வரும் சொல்லையும் கை செய்யும் வேலையையும் திருத்துவதற்குப் பயிற்சி அறை தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எப்படி நடத்த வேண்டும் என்பதை ஒரு காட்சியை வைத்தே சொல்கிறோம்.

நோயாளி 26 வயதுப் பெண். 36 வாரக் கர்ப்பிணி. பிறவியிலேயே காது கேளாதவர், சைகை மொழியில் பேசுபவர். கடுமையான தலைவலி, கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் தெரிகிறது, மேல்வயிற்றில் வலி. ரத்த அழுத்தம் 170/114, சிறுநீரில் அல்புமின் மூன்று பிளஸ். எல்லாம் சேர்ந்து, வலிப்பு வரக்கூடிய கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் அறிகுறிகள். கூட மாமியார் வந்திருக்கிறார்; "பித்தத் தலைவலி டாக்டர், ராத்திரி தூங்கல" என்று எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்கிறார். நோயாளியாக வருபவர் காது கேளாத பெண்ணாகவே இருக்க வேண்டும். மாமியார் வேடத்தைப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் ஏற்கலாம். வயிற்றுக்குத் துணி மெத்தை. மானிட்டரில் ஓடும் எண்களைப் பயிற்றுநர் டேப்லெட்டிலிருந்து மாற்றுவார். பக்கத்து அறையில் சைகை மொழிபெயர்ப்பாளர் வீடியோ அழைப்புக்குத் தயாராக இருப்பார். மாணவர் கேட்டால் மட்டும் அந்த அழைப்பு இணைக்கப்படும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். மாணவர் மாமியாரிடமே பேசுகிறார். நோயாளியிடம் பேசும்போது முகக்கவசத்தோடு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகமே இருட்டாகத் தெரிகிறது. புரியவில்லை என்றதும் குரலை உயர்த்துகிறார். பிறகு தாளில் முழு வாக்கியமாக எழுதிக் காட்டுகிறார். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, அது கையால் பேசும் தமிழ் இல்லை. சைகையைத் தாய்மொழியாகக் கொண்ட பலருக்கு எழுத்துத் தமிழின் நீண்ட வாக்கியம் அந்நிய மொழிபோலத்தான் இருக்கும். ஆகவே அவர் தலையாட்டுகிறார். மாணவர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார். ஒப்புதல் பெறுவதில் நேரும் மிகப் பெரிய பிழை இந்தத் தலையாட்டல்தான். மொழிபெயர்ப்பாளர் வழியாக விளக்கிவிட்டு, "நான் சொன்னதை எனக்கு நீங்க ஒருமுறை சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சைகையில் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்து.

அடுத்து வருவதைத்தான் மாணவர்கள் படித்து முடித்த பிறகும் மறக்க மாட்டார்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் போட வேண்டும்: ரத்தக்குழாயில் மெதுவாக 4 கிராம், இரு புட்டத்திலும் தசைக்குள் 5 கிராம் வீதம், ஆக 14 கிராம். மாணவர் பழக்கப்படி வலது கையில் பெரிய ரத்தக்குழாயைப் பார்த்து ஊசியைக் குத்தி, பட்டி போட்டு, கையை அசைக்காதீர்கள் என்று பலகையோடு கட்டுகிறார். அந்தக் கைதான் அவருடைய வாய். இனி அவரால் "மூச்சு முட்டுது" என்றுகூடச் சொல்ல முடியாது. எந்தக் கையால் அதிகம் பேசுவீர்கள் என்று முதலில் கேட்டு, மற்றக் கையில் முழங்கைக்குக் கீழே, மூட்டை விட்டு விலக்கிப் போட வேண்டும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அவர் பயந்து எழுந்துவிடுவார். மருந்து அதிகமானால் பேசுபவருக்கு நாக்குக் குழறும். சைகையில் பேசுபவரிடம் விரல்கள் தளர்வதைப் பார்க்க வேண்டும். முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு ஆகியவற்றோடு இதையும் கண்காணிப்பில் சேர்க்கச் சொல்கிறோம்.

இதில் எங்கே மருத்துவம் முடிகிறது, எங்கே 'உள்ளடக்கும் பண்பு' தொடங்குகிறது என்று பிரிக்க முடியுமா? அப்படிப் பிரித்து, தனி வகுப்பாக 'பன்முகத்தன்மை' என்று பாடம் எடுப்பதால்தான் மாணவர்கள் அதைத் தேர்வுக்கு வராத பாடமாக ஒதுக்குகிறார்கள். உயிர்காக்கும் சிகிச்சைக்குள்ளேயே அதை வைத்துவிட்டால் ஒதுக்க முடியாது.

சக்கர நாற்காலிக்கும் அப்படி ஒரு காட்சி உண்டு. பனைமரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் நான்காம் மட்டத்தில் அடிபட்டவர், ஆறு ஆண்டுகளாக நாற்காலியில் இருக்கிறார். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி. கழுத்துக்கு மேலே வியர்வை. ரத்த அழுத்தம் 190/110, நாடி 52. மாணவர்கள் நால்வர் அவரைக் கேட்காமலே மூட்டை தூக்குவதுபோல் தூக்கிக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள். அதுதான் செய்யக் கூடாத காரியம். ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, உணர்வில்லாத உடம்பின் கீழ்ப்பகுதியில் சிறுநீர்ப்பை உப்பினாலே ரத்த அழுத்தம் எகிறும். படுக்கவைத்தால் இன்னும் ஏறும். நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இடுப்பு இறுக்கத்தைத் தளர்த்தி, சிறுநீர்க்குழாய் எங்கே மடங்கியிருக்கிறது என்று தேட வேண்டும். குழாயில் கோளாறு இல்லையென்றால் மலச்சிக்கலைப் பார்க்க வேண்டும்.

செய்முறைக்குச் செலவு மிகக் குறைவு. ஒரு லிட்டர் சலைன் பாட்டிலில் மஞ்சள் கலந்த தண்ணீரை நிரப்பி நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் மாட்டி, குழாயை உடைக்குள் விட்டுத் தொடைக்கு அடியில் மடக்கி, கீழே சிறுநீர்ப் பையோடு இணைத்துவிடலாம். மாணவர் மடிப்பைக் கண்டுபிடித்து எடுத்ததும் நீர் பையில் இறங்கும்; பயிற்றுநர் மானிட்டரில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும். 140 என்றால் நார்மல் என்று எழுதிவிட்டுப் போவது தவறு. "உங்க பி.பி. வழக்கமா எவ்வளவு இருக்கும்?" என்று கேட்ட மாணவருக்கு அவரே, "டாக்டர், குழாயைப் பாருங்க" என்று நோயையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அவசரப் பிரிவில் பலருக்குத் தெரியாது. அவரிடமே கேட்கும் பழக்கத்தைத்தான் இந்தக் காட்சி கற்றுக்கொடுக்கிறது.

திருநங்கையர் பற்றிய காட்சிகளில் நாங்கள் காணும் கோளாறு வேறு வகை. காட்சியை எழுதும் ஆசிரியர்கள் பெரும்பாலும் எச்.ஐ.வி.யையோ பாலின அறுவைச் சிகிச்சையையோ வைத்துத்தான் எழுதுகிறார்கள். நாங்கள் பரிந்துரைப்பது இது: 28 வயதுத் திருநங்கை, ஐந்து நாளாக இடது கெண்டைக்கால் வீக்கம், இன்று காலையிலிருந்து மூச்சிரைப்பு. நாடி 122, ஆக்சிஜன் 90 சதவீதம். ஓ.பி. சீட்டில் பழைய ஆண் பெயர். இரண்டு ஆண்டாக மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரையை வாங்கி நாளுக்கு மூன்று நான்கு என்று விழுங்கி வருகிறார். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறையவைத்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. ஆனால் இதை அவர் தானாகச் சொல்ல மாட்டார். மாணவர் சீட்டிலுள்ள பெயரை உரக்கக் கூப்பிட்டாலோ, முதல் கேள்வியாக "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கேட்டாலோ, "மாத்திரை எதுவும் இல்லை" என்பதுதான் அவருக்குக் கற்றுத்தரப்பட்ட பதில். "உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?" என்று தொடங்கி, "சில மாத்திரையால ரத்தம் கட்டும், அதுக்காகத்தான் கேட்கிறேன், வெளியில வாங்கிச் சாப்பிடுறது ஏதாவது இருக்கா?" என்று காரணத்தோடு கேட்டால் சொல்லிவிடுவார். மரியாதையும் நோய் கண்டறிதலும் ஒரே கேள்வியில் அடங்கியிருப்பதை மாணவர் கண்ணால் காண்கிறார்.

காட்சியின் நடுவில் செவிலியராக நடிப்பவர், "டாக்டர், ஆம்பளை வார்டா, பொம்பளை வார்டா?" என்று நோயாளியின் தலைக்கு மேல் கேட்பார். மாணவர் அந்தக் கேள்வியை நோயாளியிடமே திருப்ப வேண்டும். ரத்த உறைதலுக்குச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்லும்போதும் வெறுமனே "நிறுத்துங்க" என்று சொன்னால் அவர் நிறுத்த மாட்டார். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற இடங்களில் பாலின வழிகாட்டு மருத்துவ மையம் இருக்கிறது, அங்கே ஆபத்துக் குறைந்த மாற்று வழி உண்டு என்று சொல்லத் தெரிய வேண்டும்.

வடமாநிலத் தொழிலாளி பற்றி ஒரே ஒரு குறிப்பு. சாரத்திலிருந்து விழுந்தவரோடு மேஸ்திரி மொழிபெயர்ப்பாளராக வந்து "ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்" என்பார். இருபது அடி உயரத்திலிருந்து விழுந்தவருக்கும் வழுக்கி விழுந்தவருக்கும் எடுக்க வேண்டிய ஸ்கேன் வேறு. மேஸ்திரியைப் பக்குவமாக வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் ஒடியாவோ வங்காளமோ தெரிந்த ஊழியரை அழைக்கும் திறமையைத்தான் அங்கே சோதிக்கிறோம்.

இனி பொம்மைகளைப் பற்றி. விற்பனைக்கு வரும் மேனிக்கின்களில் பெரும்பாலானவை வெளுத்த தோல், தட்டையான மார்பு. நம் மாணவர்கள் சிகிச்சை தரப்போவது கறுத்த, மாநிறத் தோலுடையவர்களுக்கு. உதடு நீலமாவதும் தோல் சிவப்பதும் அந்த வெளுத்த ரப்பரில் தெரிவதுபோல் நம் நோயாளியிடம் தெரியாது. ஆகவே மேக்கப் போடும்போது நிறத்தை மாற்ற வேண்டும்: ஆக்சிஜன் குறைவுக்கு உதட்டின் உட்புறம், நகக்கண் இரண்டிலும் சாம்பல் கலந்த ஊதா; கன்றிப்போன காயத்துக்குச் சிவப்புக்குப் பதில் கருஞ்சிவப்பும் கருநீலமும். தோல் அழற்சியைக் கண்ணால் காட்ட முயலாமல், துணிக்கு அடியில் வெந்நீர்ப் பையை வைத்து, தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தலாம். வியர்வைக்குத் தண்ணீரும் கிளிசரினும் சம அளவில் கலந்து தெளித்தால் போதும். மேக்கப் போடும் முன் அந்தப் பொருளை மாதிரி நோயாளியின் முன்கையில் சிறிது தடவி ஒவ்வாமை பார்ப்பது கட்டாயம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியின் எண்ணையும் கண்மூடி நம்பக் கூடாது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான மிச்சிகன் ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோது ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்தில், வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 சதவீதத்தில். கருவி 94 காட்டும்போதே நோயாளி வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கும் காட்சியை வைத்தால், எண்ணை நம்புவதா ஆளை நம்புவதா என்று மாணவர் முடிவெடுக்கப் பழகுவார்.

பெண்ணுக்கு நெஞ்சழுத்தம் தருவதிலும் தயக்கம் உண்டு. பொது இடத்தில் இதயத்துடிப்பு நின்று விழுந்தால் அமெரிக்காவிலேயே ஆண்களில் 45 சதவீதத்தினருக்குப் பக்கத்திலிருப்பவர் நெஞ்சழுத்தம் தந்தார்கள், பெண்களில் 39 சதவீதத்தினருக்குத்தான் என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பொம்மைக்கு ஸ்பாஞ்சில் மார்பு வைத்து, ஜாக்கெட், புடவை, தாலிச்சங்கிலி எல்லாம் போட்டுவிடுங்கள். கத்தரியால் ஜாக்கெட்டை வெட்டவும், சங்கிலியை, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியின் பட்டைகளிலிருந்து விலக்கவும், ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டவும், உடனே மேலே துணி போர்த்தவும் பழகட்டும். பழைய ஜாக்கெட்டுகள் பத்து சேகரித்தால் ஒரு நாள் பயிற்சி நடந்துவிடும்.

இவ்வளவும் சரியாக நடக்க, நோயாளியாக வருபவர்களை நடத்தும் விதம் சரியாக இருக்க வேண்டும். திருநங்கை வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்தால் அது கைதட்டலும் கேலியும் கலந்த சினிமாக் காட்சியாகவே முடியும். காது கேளாதவர் வேடமும் அப்படியே. காட்சியை எழுதும் முதல் நாளிலிருந்தே அவர்கள் உடனிருக்க வேண்டும். "எங்க ஆளுங்க இப்படிப் பேச மாட்டாங்க" என்று திருத்தும் உரிமை அவர்களுக்கு வேண்டும். ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று அமர்வுகளாக ஐந்தாறு மணி நேரப் பயிற்சி தேவைப்படும். எந்த உறுப்பைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அவர்களுடைய சொந்த வாழ்க்கைக் கதையைக் காட்சியில் வைக்கக் கூடாது. தாங்க முடியாவிட்டால் காட்சியை நிறுத்த ஒரு குறி வேண்டும். சைகையில் பேசுபவருக்குக் கையால் காட்டும் குறி. புண்படுத்தும் சொல்லை ஒருவர் ஒரே நாளில் பன்னிரண்டு முறை கேட்கும்படி அட்டவணை போடாதீர்கள். ஆறு சுற்றுக்கு மேல் வேண்டாம்; நடுவில் ஓய்வு வேண்டும்; முடிந்ததும் வேடத்தைக் களைந்து தன் பெயரில் பேச ஐந்து நிமிடம் வேண்டும். ஊதியம் அன்றே தரவேண்டும். சால்வையும் சான்றிதழும் ஊதியத்துக்கு ஈடாகாது. அவர்கள் அங்கே வருவது ஆசிரியர்களாக.

இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரை முதுகுத்தண்டுக் காட்சிக்கு மட்டுமே அழைத்தால், மாற்றுத்திறன்தான் அவர் நோய் என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடும். அவருக்கு டெங்கு வரட்டும், சர்க்கரை வரட்டும், குழந்தை பெறத் திட்டமிடும் ஆலோசனை வேண்டியிருக்கட்டும்.

காட்சி 12 நிமிடம் என்றால் அதற்குப் பிந்தைய உரையாடலுக்குக் குறைந்தது 25 நிமிடம் ஒதுக்க வேண்டும். பயிற்சி பெரும்பாலும் கெடுவது இங்கேதான். பயிற்றுநர் நீதிபதியாகி, "இப்படியா பேசுவ?" என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டால், அந்த மாணவர் கற்றுக்கொள்வது ஒன்றே: இப்படிப்பட்ட நோயாளியிடம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. பிறகு வார்டில் அவர்களைத் தவிர்ப்பார். காட்சிக்கு முன்பே "இங்கே தவறு நடக்கும், நடக்கத்தான் இந்த அறை, இங்கே பேசியது வெளியே போகாது" என்று சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் முதலில் மாணவர் பேசட்டும், அடுத்து மாதிரி நோயாளி. "நீங்க மோசம்" என்ற தீர்ப்பு இல்லாமல், "நீங்க என் மாமியாரைப் பார்த்துக் கேட்டப்ப நான் அந்த அறையிலேயே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்று செயலையும் அதன் விளைவையும் சேர்த்துச் சொல்ல அவருக்குப் பழக்கியிருப்போம். பின்னர் அதே மாணவருக்கு அதே காட்சியின் கடைசி மூன்று நிமிடத்தை மீண்டும் செய்ய வாய்ப்பு. இந்த இரண்டாம் வாய்ப்பை நேரமில்லை என்று விட்டுவிடும் கல்லூரிகள் பயிற்சியின் பாதியை இழக்கின்றன.

தேர்வில் வராததை மாணவர் படிக்க மாட்டார். ஆகவே இறுதியாண்டு ஆஸ்கியில் ஒரு நிலையமாவது இத்தகைய காட்சியாக இருக்க வேண்டும். மதிப்பெண் தாளில் 'பரிவு காட்டினார்' என்று ஒரு வரி போட்டால் தேர்வாளர் எல்லோருக்கும் டிக் போடுவார். கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களை எழுதுங்கள்: நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாரா, முகக்கவசத்தை விலக்கினாரா, மொழிபெயர்ப்பாளரை அழைத்தாரா, ஊசி போடும் கையைக் கேட்டாரா, நாற்காலியைத் தொடும் முன் அனுமதி கேட்டாரா. தமிழில் தேர்வு வைப்பவர்களுக்கு நம் மொழியே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டு வந்தவரை "சொல்லுங்க சார்" என்றும், கூலி வேலையிலிருந்து வந்தவரை "எங்க வலிக்குது, சொல்லு" என்றும் கேட்கும் பழக்கம் வார்டில் இருக்கிறது. சாதியும் வர்க்கமும் அந்த ஒரு விகுதியில் தெரிந்துவிடும். 'கடைசிவரை "நீங்க" என்றே பேசினார்' என்பதற்கு இரண்டு மதிப்பெண் வையுங்கள். திருநங்கையை "தம்பி" என்றாரா, "அக்கா" என்றாரா, பெயர் சொல்லி அழைத்தாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, ஓ.பி. சீட்டு எழுதுபவரையும் வாசலில் நிற்கும் காவலாளியையும் விட்டுவிட்டால் பயன் குறைவு. நோயாளி முதலில் சந்திப்பது அவர்களைத்தான். வாரத்தில் ஒரு நாள் காட்சியை ஆய்வகத்தை விட்டு மருத்துவமனைக்குள்ளேயே நடத்துங்கள். கட்டடத்தின் குறை அப்போதுதான் தெரியும். சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர். பரிசோதனைக் கட்டில் பல இடங்களில் 75, 80. இந்த முப்பது சென்டிமீட்டரை எந்தப் பரிவுப் பாடமும் நிரப்பாது. உயரத்தை மாற்றக்கூடிய கட்டில் ஒன்று வாங்க வேண்டும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் கல்லூரி முதல்வர்களும் இதைப் பெரிய திட்டமாக அறிவித்துவிட்டு நிதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாதிரி நோயாளிகளைக் கண்டறிய மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களும், 2008 முதல் இயங்கும் திருநங்கைகள் நல வாரியமும் உதவ முடியும். தொடக்கத்துக்கு ஒரே ஒரு காட்சி போதும். ஒரு காது கேளாத ஆசிரியை, ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர், எட்டு மாணவர்கள், ஒரு பிற்பகல். இருவர் இருவராக நான்கு சுற்று. இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்கு முடிந்துவிடும். வரும் டிசம்பர் 3இல், கண்ணைக் கட்டும் நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய அதே நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ மாணவர்களுக்குச் சிமுலேஷன் பயிற்சி தரும் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை.